கிருதாக்காரரைக் குணமாக்கிய கதை

கிருதாக்காரருக்கு நோய் வந்ததும் தெரியாது, அது குணமானதும் தெரியாது. முதலாவதைக் கண் டாக்டரம்மா நேரில் சொன்னார். இரண்டாவதை, மருந்து கொடுக்கும் வாரியம் தபாலில் சொன்னது.

தபால் வந்தபோது அவர் தன் சலூனில் ஒரு வாடிக்கையாளரின் இடது கிருதாவை வலது கிருதாவுக்குச் சமமாக இறக்கிக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் மனுஷன் படு கறார். ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் தெரிந்தாலும் ஆளை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டார். ஒருமுறை ரயிலைப் பிடிக்க ஓடியவரைத் தோளைப் பிடித்து அழுத்தி, "ரயில் இன்னொண்ணு வரும். இந்த மூஞ்சியோட ஊர் போய்ச் சேராதீங்க" என்று உட்காரவைத்தார். பேர் அப்படித்தான் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேரைக் கட்டின மனைவியே மறந்திருப்பார்.

தபாலைப் பிரித்துப் படித்தார்.

"அன்புடையீர், கடந்த மாதச் சோதனையில் தங்கள் கண் அழுத்தம் பதினாறு என்று பதிவாகியுள்ளது. இது இயல்பான அளவாகும். எனவே தாங்கள் பூரண குணமடைந்தவராக அறிவிக்கப்படுகிறீர்கள். தங்களுக்கு வழங்கப்பட்டு வந்த சொட்டு மருந்து இத்துடன் நிறுத்தப்படுகிறது. வாரியத்தின் மகிழ்ச்சியில் தாங்களும் பங்குகொள்ள வேண்டுகிறோம்."

கிருதாக்காரர் மகிழ்ச்சியில் பங்குகொள்ளவில்லை. கத்தியை மடக்கி வைத்தார். கவனம் சிதறும்போது கத்தியைத் தொடக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் படிக்கிற கண்ணாடி மாற்றத்தான் டாக்டரம்மாவிடம் போனார். வலி இல்லை, எரிச்சல் இல்லை, பார்வையில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா கண்ணில் எதையோ வைத்து அழுத்தத்தை அளந்தார். முப்பத்தொன்று. மறுபடி அளந்தார். அதே முப்பத்தொன்று. "இது சத்தம் போடாம திருடற திருடன். ஓரத்துலேருந்து பார்வையைத் திருடிக்கிட்டே வரும். போனது போனதுதான், திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றார்.

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவும் முடி வெட்டியவர்தான். கடைசி ஆறு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். பட்டப்பகலில், "விளக்கைப் போடுங்கடா" என்று கத்துவார். அந்தக் காலத்தில் யாரும் அவர் கண்ணை அளந்து பார்க்கவில்லை.

அன்று முதல் மூன்று வேளை மருந்து. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. தலையை அண்ணாந்து, கீழிமையை இழுத்து, குப்பியின் முனை எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்தி இரண்டு நிமிஷம். நாற்காலியில் பாதி மொட்டையோடு ஆள் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு மணிக்குக் கடை நின்றுவிடும். பக்கத்துக் கடை சைக்கிள்காரர் ஒருநாள், "அண்ணே, என் பொண்ணு கண்ணு சிவந்தப்ப வாங்கின மருந்து மிச்சம் கிடக்கு, அதையும் ரெண்டு சொட்டு விட்டுக்கயேன்" என்று பாசமாகக் கேட்டார். "உன் பாசத்தை வேற எதுலயாவது காட்டு" என்று அனுப்பிவிட்டார். டாக்டரம்மா எழுதாத மருந்து கண் பக்கம் வரக்கூடாது. மறந்துபோனால் இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து ஊற்றக்கூடாது. குப்பியைத் திறந்து இருபத்தெட்டு நாள் ஆனால், மிச்சம் இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி வைத்திருந்தார். இப்படி ஒழுங்காக இருந்ததால்தான் முப்பத்தொன்று பதினாறு ஆயிற்று. ஒழுங்காக இருந்த குற்றத்துக்குத்தான் இந்தத் தபால்.

குப்பியைப் பார்த்தார். பத்தொன்பதாவது நாள். இன்னும் ஒன்பது நாள் ஓடும். இந்த மருந்து வேறு எங்கும் கிடைக்காது. தொடர் மருந்து வாரியத்தின் ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும்.

"ஏங்க, பேசாம உட்கார்ந்திருந்தா மருந்து தானா நடந்து வருமா? கிளம்புங்க" என்றார், கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் வீட்டுக்காரம்மா. "கேட்டு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா சண்டை போட்டு வாங்கிட்டு வாங்க."

வாரியத்தின் கட்டடம் பெரியது. உள்ளே நுழைந்ததும் ஒரு நீளச் சுவர். அதன் தலைப்பில் 'நலம் பெற்றோர் சுவர்' என்று கொட்டை எழுத்து. கீழே வரிசை வரிசையாகப் புகைப்படங்கள், எல்லா முகத்திலும் சிரிப்பு. ஒரு பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றிருந்தார்.

"என் படம் இருக்காம்மா?"

"இருக்குப்பா. மேலேருந்து மூணாவது வரிசை."

"எப்படிம்மா இருக்கேன்?"

"நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருக்கீங்கப்பா."

பெரியவர் கையை நீட்டிச் சுவரைத் தடவினார். தப்பான படத்தைத்தான் தடவினார். மகள் திருத்தவில்லை. கிருதாக்காரர் ஜன்னலை நோக்கி நடந்தார்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்ட மனிதர் ஒருவர்கூட இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் விதிப்படி நல்லவர்கள்.

"வாழ்த்துகள் சார்! குணமாயிட்டீங்க."

"வாழ்த்து இருக்கட்டும் தம்பி. மருந்து குடுங்க."

"குணமானவங்களுக்கு மருந்து எதுக்கு சார்?"

"மருந்து போட்டதாலதானய்யா குறைஞ்சிருக்கு!"

"அப்படின்னா மருந்தோட வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"குடை பிடிச்சிருக்கேன், நனையல. அதுக்காக மழை நின்னுடுச்சுன்னு குடையைப் பிடுங்குவீங்களா?"

எழுத்தர் நோட்டைப் புரட்டினார். "குடை நம்ம பட்டியல்ல இல்ல சார்."

டாக்டரம்மாவின் கடிதத்தோடு மறுநாள் வந்தார். 'இவருக்கு நோய் இருக்கிறது. மருந்தினால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார் அந்த அம்மா. எழுத்தர் மரியாதையாக வாசித்தார்.

"டாக்டர் எழுதினது செல்லும் சார். ஆனா டாக்டருக்குத்தான் செல்லும். வாரியத்துக்கு நோய்ச் சான்று வேணும். அழுத்தம் இருபத்தஞ்சாவது இருக்கணும். வாரத்துக்கு ஒண்ணா மூணு தடவை."

"சரி, அளந்து பாருங்க."

"இப்ப அளக்க முடியாதே. நீங்க மருந்து போடறீங்க. அளவு பொய்யா வரும்."

"அப்ப போன மாசம் அளந்து பதினாறுன்னு எழுதினீங்களே?"

"அது குணத்துக்கான அளவு சார். இது நோய்க்கான அளவு. ரெண்டும் வேற வேற பிரிவு." எழுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வழி இருக்கு. நாலு வாரம் மருந்தை நிறுத்துங்க. அழுத்தம் நல்லா ஏறும். அப்புறம் மூணு வாரம் அளப்போம். தேறிட்டீங்கன்னா மறுபடி மருந்து."

"ஏழு வாரத்துல என் கண்ணு என்ன ஆகும்?"

"அதுக்குத்தான் இந்தப் படிவம்." ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி காலத்தில் ஏற்படும் பார்வை இழப்பை நான் முழு மனதுடன் ஏற்கிறேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. கோடு மட்டும் நல்ல தடிமன். பார்வை மங்கியவருக்கும் தெரிய வேண்டும் என்ற அக்கறை. "கால்வாசிப் பார்வை போயிடுச்சுன்னா இன்னும் சுலபம் சார். நேரா முன்னுரிமை வரிசை. அங்க கூட்டமே இருக்காது."

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? போய்யா!" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார் கிருதாக்காரர்.

அளவை அறையையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மாடிக்கு ஏறினார். அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கிருதாக்காரரின் பழைய வாடிக்கையாளர். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. கிருதாவை வைத்துத்தான் தெரிந்தது.

"சார்! இது என்ன கோலம்?"

"தலைகீழா நின்னா அழுத்தம் ஏறுமாம்ப்பா" என்று கீழேயிருந்து பதில் வந்தது. "மருந்தை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. போன தடவை இருபத்தி நாலு வந்தது. ஒரு மார்க்குல போச்சு. பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்களை நான் ஒரு மார்க்குல ஃபெயில் பண்ணியிருப்பேன்! அந்தப் பாவம்தான்."

"பார்வை எப்படி இருக்கு சார்?"

"படியேறும்போது ஓரம் தெரியல. மோதிக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியர்.

அவர் தலைக்கு, அதாவது காலுக்கு, மேலே ஓர் அறிவிப்பு தொங்கியது: 'தலைகீழாக நிற்போர் காலணிகளைக் கழற்றிவிட்டு நிற்கவும். சுவரின் தூய்மை நம் பொறுப்பு.'

அதைப் படித்ததும் கிருதாக்காரருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சுவரு மேல இருக்கிற அக்கறை எங்க கண்ணு மேல இல்லையா? நான் நிறுத்த மாட்டேன்! ஒரு சொட்டுக்கூட நிறுத்த மாட்டேன்! எவன் வந்து சொன்னாலும் சரி!" என்று அந்த நடைபாதை அதிரக் கத்தினார். தலைகீழாக நின்றவர்களில் இருவர் திடுக்கிட்டு விழுந்தார்கள்.

எதிர்க் கதவு திறந்தது. வாரியத் தலைவர் வெளியே வந்தார். கோபிக்கவில்லை. கிருதாக்காரரின் தோளில் கை போட்டு, "குரல்ல என்ன தெம்பு! இதுதான் குணமானவனோட குரல். என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"சலூன்."

"கத்தி பிடிக்கிற கையா!" தலைவரின் முகம் மலர்ந்தது. "அடுத்த வாரம் நம்ம ஆண்டு விழா. மேலிடத்து விருந்தினர் ரெண்டேகால் மணிக்கு வந்து கேடயம் குடுக்கறார். அதுக்கு முன்னால மேடையில நீங்க எனக்கு ஷேவிங் பண்றீங்க. குணமான ஆள், தொண்டையில கத்தி, கேமரா. கண்ணு நல்லாத் தெரியுதுங்கறதுக்கு இதுக்கு மேல சான்று வேணுமா? என்ன சொல்றீங்க?"

அந்த நேரத்தில் கிருதாக்காரரிடம் திட்டம் கிட்டம் எதுவும் இல்லை. விழா என்றைக்கு என்று விரல் விட்டு எண்ணினார். குப்பியின் இருபத்தெட்டாவது நாள். "வர்றேன்" என்றார்.

வீட்டில் பூகம்பம். "மருந்து வாங்கப் போனவர் ஷேவிங் பண்ண ஒத்துக்கிட்டு வந்திருக்கார்! வெட்கமா இல்ல?" என்று வீட்டுக்காரம்மா குதித்தார். "அந்த ஆளு மேடையில நீங்க நின்னா குணமானேன்னு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"மருந்து போடாம நிக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ முன் வரிசையில உட்காரு."

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. குணமானவர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. பாதிப் பேரை யாராவது கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். தலைமை ஆசிரியர் நிமிர்ந்த நிலையில் வந்திருந்தார். மேடையில் ஒரு சுழல் நாற்காலி. தலைவர் சட்டைக் காலரில் சின்ன மைக்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கிருதாக்காரர் துண்டைப் போர்த்தி, பிரஷ்ஷால் இரண்டு கன்னத்திலும் நுரையைக் குழைத்துப் பூசினார். கத்தி இறங்க இறங்கத் தலைவர் பேசினார். நுரைக்கு நடுவிலும் அவருக்குப் பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது.

"நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்த வாரியத்துல நோயாளிகள் பதினோராயிரம் பேர். இன்னிக்கு ஆறாயிரம்! மீதி ஐயாயிரம் பேர் எங்கே? குணமாயிட்டாங்க! எந்த டாக்டராலயும் முடியாததை ஒரே ஒரு பேனாவால முடிச்சுக் காட்டியிருக்கோம்."

கைதட்டல். வாரிய ஊழியர்கள் தட்டினார்கள்.

"ஒரு உண்மையைச் சொல்றேன். மருந்து குடுத்தா நோயாளி மாசாமாசம் வந்துகிட்டே இருப்பார். நிறுத்திப் பாருங்க, கொஞ்ச நாள்ல அவரே வரமாட்டார். வழி தெரிஞ்சாத்தானே வருவார்! இன்னும் ரெண்டு வருஷத்துல ஒரு நோயாளிகூட இல்லாத வாரியமா இதை ஆக்குவேன். அப்பத்தான் நம்ம ஊழியர்கள் தொந்தரவில்லாம மக்கள் சேவை செய்ய முடியும்."

வலது கன்னம் முடிந்திருந்தது. அரங்கத்துக் கடிகாரத்தில் மணி இரண்டு. கிருதாக்காரர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு பையிலிருந்து குப்பியை எடுத்தார்.

"என்னய்யா அது?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"மருந்து நேரம்."

"மேடையிலயா? குணமானவன் மருந்து போடலாமா? மானம் போயிடும். உள்ள வை."

"சரிங்க, வச்சுடறேன். உங்க உத்தரவுப்படி இன்னியிலேருந்து நிறுத்திடறேன்." குப்பியை உள்ளே வைத்தார். கத்தியை விரித்தார். "அடுத்தது தொண்டைங்க. கொஞ்சம் அண்ணாந்துக்குங்க. கண்ணுல ஒரு வேளை மருந்து தப்பினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. ஆடாம இருங்க."

தலைவர் கத்தியைப் பார்த்தார். கத்தி அவரைத் தொடவில்லை. அரை அடி தள்ளித்தான் இருந்தது. அந்த அரை அடியில் அவர் ஆயுள் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"போடுய்யா! மருந்தைப் போடு! போட்டுட்டு வந்து கத்தியைத் தொடு!"

காலரில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கிருதாக்காரர் அவசரப்படவில்லை. கை கழுவினார். அண்ணாந்து, இந்தக் கண்ணில் ஒரு சொட்டு, அந்தக் கண்ணில் ஒரு சொட்டு. "முனை இமையில பட்டுடாம!" என்று முன் வரிசையிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார். கண்ணை மூடி மூக்கின் இரு ஓரமும் விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம். ஆயிரம் பேர் மூச்சு விடாமல் அந்த மூடிய கண்களைப் பார்த்தார்கள். பார்க்க முடியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தலைவரின் இடது கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது.

"ஆச்சா? சீக்கிரம் முடி. விருந்தினர் வந்துடுவார்."

கிருதாக்காரர் கண் தெளியும்வரை இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு தலைவரின் வலது கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு முடி இல்ல. வழவழன்னு இருக்கு. உங்க தாடி பூரணமா குணமாயிடுச்சு சார்." பிரஷ்ஷைக் கழுவிப் பெட்டியில் வைத்தார்.

"அட, இந்தப் பக்கம் அப்படியே இருக்கேய்யா!"

"அதெப்படிங்க? மழிச்ச இடத்தை அளந்து பார்த்தேன், முடி இல்ல. முடி இல்லாதவருக்குக் கத்தி எதுக்கு? இந்தப் பக்கம் தாடி இருக்குன்னா நீங்கதான் நிரூபிக்கணும். நாலு வாரம் வளர விடுங்க. நான் வந்து மூணு தடவை அளக்கறேன்."

முதலில் சிரித்தவர் தலைமை ஆசிரியர். அப்புறம் அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. சிலர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். எழுத்தர் ஓடி வந்து, விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று காதில் சொன்னார். அதுவும் மைக்கில் கேட்டது.

தலைவர் எழுத்தர் கையிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கி முழங்காலில் வைத்து எழுதினார். "இந்தா. உனக்கு ஆயுசு பூரா மருந்து. வா, வந்து முடி."

கிருதாக்காரர் வாங்கிப் படித்தார். தன் பேர் மட்டும்தான் இருந்தது. அது அவர் கையிலேயே இருந்தது, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஒன்பது நாளாக அந்த ஒரு தாளுக்குத்தான் தூங்காமல் கிடந்தார். முன் வரிசையைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினார். கிருதாக்காரர் தாளைத் திருப்பித் தலைவர் மடியில் வைத்தார்.

"ஐயாயிரம் பேருக்கும் எழுதுங்க. இன்னிக்கே ஜன்னல் திறக்கணும்."

"விளையாடறியா? ஒரே ஒரு கன்னம் பாக்கி, அதுக்குப் போய் இவ்வளவு அடமா? நான் எங்கயாவது போய் வழிச்சுக்க மாட்டேனா?"

"தாராளமாப் போங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் கிருதாக்காரர். மைக்குக்குக் கேட்கும்படி குனிந்துதான் சொன்னார். "உங்களுக்குப் போறது முடி. இன்னிக்கு எடுத்தா நாளைக்கே முளைச்சிடும். எங்களுக்குப் போறது முளைக்காது."

வாசல் கதவு திறந்தது. தலைவர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.